முன் முடிச்சு

திங்கள், 9

விடியலிலிருந்து தூறல். பூட்ஸ் இன்னும் காயவில்லை. சமையல் கேஸ் தீரப் போகிறது. அந்தோணியிடம் சொல்ல வேண்டும்.

அந்தப் படம் திரும்பவும் தியேட்டருக்கு வருகிறதாம். ஃபேஷன் கம்பெனிக் கதை. மகன் அந்தோணி என் வயிற்றில் இருந்தபோது எங்கள் தேயிலை மலையில் எடுத்தார்கள். அவன் தவழ்ந்தபோது வெளியானது. அவனுக்குக் கல்யாணமாகியே நாலு வருஷம். படம் மட்டும் எங்களை விட்டபாடில்லை.

கதாநாயகி எங்களைப் போல இடுப்பில் பிளாஸ்டிக் சாக்கைச் சுற்றி, முடிச்சை வயிற்றின் மேல் பூவாக விரித்துக்கொண்டு மேடையில் நடப்பாள். அன்றிலிருந்து மலை பார்க்க வருகிற பெண்களெல்லாம் அதே கட்டு. பக்கத்து ஊர் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் தைத்தே விற்கிறார்கள், ஜிப் வைத்து. கர்மம்.

அது பிள்ளைத்தாய்ச்சி முடிச்சு! மற்றவர்களுக்குப் பின்னால்தான். உண்டானவள் மட்டும் முன்னால் கட்டுவாள், வயிறு பெருக்கத் தளர்த்திக்கொள்ள. மூன்று மாதம்வரை வாயால் சொல்வதில்லை, கண் பட்டுவிடும். முடிச்சைப் பார்த்துக் கங்காணி களை பிடுங்கும் வேலைக்கு மாற்றிவிட வேண்டும். இரண்டு பேர் தூக்கும் கொழுந்து வெட்டு மெஷின் கூடாது, சரிவு கூடாது. இப்போது கங்காணி நான். படம் எடுத்தபோது முன்னால் கட்டியிருந்தவளும் நான். சினிமாக்காரி ஒருத்தி போட்டோ எடுத்துக்கொண்டு "பியூட்டிஃபுல்" என்றாள். ஏன் இப்படிக் கட்டியிருக்கிறாய் என்று கேட்கவில்லை.

செவ்வாய், 10

பனி. எதிரே நிற்பவர் தெரியவில்லை.

காலைப் பெரட்டில், ஆள் எண்ணி வேலை பிரிக்கும்போது, மருமகள் ஜெசிந்தா முடிச்சை முன்னால் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். சிரிப்பு வேறு. போன வாரம்தான் போனில் அந்தப் படத்தைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒனக்குமா இந்த ஷோக்கு? நீ என்ன டூரிஸ்ட்டா?"

"இல்ல அத்தே, நான் வந்து..."

"போதும் லா. போய் மெஷினப் பிடி."

முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். நாலு வருஷமாக நான் பிள்ளைப் பேச்சே எடுப்பதில்லை, அவள் மனம் நோகக் கூடாதென்று. அதில் போய் விளையாட்டா?

புதன், 11

வாங்க: கேஸ், கருவாடு, பூட்ஸ் ஒட்டப் பசை. ஜெ.வுக்குக் கருவாட்டு வாடை ஆகாதாம். போன வாரம்வரை ஆனது!

எஸ்டேட் உதவி மேனேஜர் சின்ன துரை கூப்பிட்டார். டூரிஸ்ட்டுகள் வரும் டீக்கடைப் பக்கத்து மலையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இனி முன்னால் கட்ட வேண்டுமாம். நாங்கள் கட்டுவது சரியில்லை, படத்தில் இருக்கிற மாதிரி இல்லை என்று வருகிறவர்கள் குறை சொல்கிறார்களாம்.

"அது மாசமா இருக்கிறவங்க கட்டுறது, துரை."

"படம் ஓடுற வரைக்கும்தானே ஆன்ட்டி. போட்டோவுக்கு அழகா இருக்கும் லா."

ஆன்ட்டியாம்.

வியாழன், 12

எல்லோருக்கும் முன் முடிச்சு. நான் மட்டும் பின்னால். அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிற முனியம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கு எத்தனாவது மாசம், கங்காணி?" ஒரே சிரிப்பு.

ஜெ. மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "அத்தே, இன்னிக்கி என்னைய களை புடுங்க அனுப்புறீங்களா?"

"எல்லாருந்தான் முன்னால கட்டியிருக்காங்க. எல்லாரையும் அனுப்பிரவா?"

மறுபடியும் சிரிப்பு. அவள் போய் மெஷினின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டாள்.

வெள்ளி, 13

மத்தியானம் சரிவில் ஜெ. மெஷினோடு சாய்ந்துவிட்டாள். மறுமுனையில் முனியம்மா. உடனே மோட்டாரை அணைத்தாள். மயக்கம். கொஞ்சம் உதிரம். எஸ்டேட் வண்டியில் டவுன் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஜாம். ஓரத்தில் இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள், அதே கட்டோடு. கத்தினேன். யாருக்கும் புரியவில்லை.

நர்ஸ் என்னிடம், "எத்தனை மாசம்மா?" திரும்பிப் பார்த்தேன். படுத்திருந்த ஜெ. இரண்டு விரலைக் காட்டினாள்.

அந்தோணி கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரியோடு அப்படியே வந்தான். "அம்மா, ஒனக்குத் தெரியுந்தானே? அத்தைகிட்ட செவ்வாக்கிழமையே சொல்லிட்டேன்னு சொன்னாளே."

சொல்லித்தான் இருக்கிறாள். பெரட்டில் நேருக்கு நேர் வந்து நின்று.

சனி, 14

வெயில். ஸ்கேனில் துடிப்பு தெரிகிறது. உதிரம் நின்றுவிட்டது. படுத்தே இருக்க வேண்டும். மாதாவே, உனக்குக் கோடி நன்றி.

அவள் சாக்கைக் கத்தரித்து எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். முடிச்சு அப்படியே இருக்கிறது.

என்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லையாம். "படம் நல்லாத்தான் இருந்துச்சு அத்தே, நீங்களும் ஒருவாட்டி பாருங்க." இவளை என்ன செய்வது?

வரும் வழியில் சின்ன துரை பங்களாவில் இறங்கிச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கள் முதல் என் ஆட்களில் முன்னால் கட்டியவள் எவளும் மெஷினைத் தொடமாட்டாள். எல்லோரும் முன்னால்தான் கட்ட வேண்டுமென்றால், எல்லோரும் களை பிடுங்குவார்கள். கொழுந்தை அந்தக் கதாநாயகி வந்து வெட்டட்டும்.