முதுகு வரையாத அட்டை

மச்சான், உன் வீரனின் இடது காலைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது.

நீ செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் புறப்படும்போது மூக்குக்கண்ணாடியைத் தேடி மேசை லாச்சியைக் குடைந்தேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அது எங்கள் வீட்டில் வழக்கமான கதை. கையில் அகப்பட்டது நீ செய்த அட்டை. மூக்கருகே கொண்டுபோனால் சவர்க்காரப் பெட்டியின் வாசமும் கோதுமை மாப் பசையின் புளிப்பும் இன்னும் ஒரு துளி இருக்கிறது. அந்தப் பசைக்குத்தான் கரப்பான் வந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. மற்றபடி ஆள் சுகம். ஏழடி உயரம், யானை எடை, கதவு அகல மார்பு. சண்டைகள் என்ற இடத்தில் மட்டும் பூச்சியம்.

எனக்கு இப்போது தலை சுற்றுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் பகிடி எழுதிப் பிழைக்கிறவன் குழம்பிப்போய் உட்கார்ந்திருப்பதை நீ பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

அந்த மல்யுத்த அட்டைகளுக்காக நாம் அலைந்த அலைச்சல்! அட்டைக்கு ஒரு வீரன். அவனுடைய உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டைகள். ஆளுக்குப் பாதிக் கட்டு. மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து "உயரம்" என்றோ "எடை" என்றோ ஒன்றைக் கூவ வேண்டும். யாருடைய இலக்கம் பெரிதோ அவனுக்கு இரண்டு அட்டையும். சுற்றிவர நிசமான சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் நமக்கு இந்தக் காகிதச் சண்டை போதாமல் இருந்தது என்பதை இப்போது பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்களில்லை.

லொறிகள் ஒழுங்காக வராமல் போனதும் கடைகளில் புதுக் கட்டு இல்லை. இருந்த கட்டுகளிலும் வீரர்கள் ஒவ்வொருவராகத் தொலைந்தார்கள். அப்போதுதான் களுதாவளைச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற அண்ணன், நம் எல்லாரையும்விடப் பெரிய மல்யுத்தப் பைத்தியம், ஒரு போட்டி வைத்தார்.

"இனிக் கொழும்பிலயிருந்து காட் வராதுடா. நாமளே கீறுவம். ஆருட காட் திறமோ அது என்ர கட்டில சேரும். வெண்டவனுக்கு வருஷம் முழுக்க ஓசியாக் காத்தடிச்சு விடுவன்."

நிபந்தனை ஒன்றுதான். முன்பக்கம் எதையும் வரையலாம். முதுகில் மட்டும் மற்ற அட்டைகளில் உள்ள அதே நீலக் கட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது யாரிடம் இருக்கிறது என்று எதிரே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன் எல்லா அட்டைகளையும் ஒரு சைக்கிள் சில்லின் கம்பிகளில் செருகிச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். பாதிப் பேர் எங்கள் வாவியில் பாடுகிறதென்று ஊர் சொல்லும் பாடும் மீனை வரைந்திருந்தார்கள். ஒருவனும் அது பாடிக் கேட்டதில்லை. மீனின் மார்பளவு எத்தனை அங்குலம் என்பதில் இரண்டு பேருக்குக் கைகலப்பு. நான் என்னையே வரைந்திருந்தேன்.

"இது என்ன மிருகம்?"

"நான்தான் அண்ணன்."

"அதைத்தான் கேக்கிறன்."

உன்னுடையது வந்ததும் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். பாதைக்காரரை நீ வரைந்திருந்தாய். வாவியைக் கடக்கும் அந்தத் தட்டையான பெரிய படகை நாம் 'பாதை' என்போம்; மண்டூர்ப் பக்கத்திலிருந்து தினமும் அதில்தான் எங்கள் கரைப் பள்ளிக்கூடத்துக்கு நீ வருவாய். சாரத்தை மடித்துக் கட்டி, தண்டுக் கழியை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிறார் மனிதர். கீழே மணிமணியான எழுத்தில் ஒரு விதி: 'இந்த அட்டையை வென்றவர் அடுத்த நாள் இதைத் தோற்றவரின் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும்.'

"மறுகா என்னத்துக்குடா வெல்லுற?" என்றான் ஒருவன். கடையே சிரித்தது.

அண்ணன் திருப்பிப் பார்த்தார். முதுகில் ஒன்றுமில்லை. வெறும் சவர்க்காரப் பெட்டி மண்ணிறம்.

"முன்னால இவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறாய். முதுகை ஏன்டா விட்டாய்?"

"அயத்துப் போனன் அண்ணன்." மறந்துவிட்டாயாம்.

ஒரு பாடும் மீன் வென்றது. உன் அட்டை தோற்றது. என் கட்டில் ஓர் ஆள் குறைந்ததால், பரவாயில்லை என்று அதை நான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் பாதை ஓடுவது பாதையின் கையில் இல்லை. சில காலை அக்கரையில் துப்பாக்கியோடு நிற்பவர்கள் மறிப்பார்கள், சில காலை இக்கரையில் நிற்பவர்கள். வகுப்பு வாங்கில் உன் இடம் இடைக்கிடை காலியாக இருக்கும். ஓ.எல். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கரையில் எங்காவது தங்கினால் எழுதலாம். ஆனால் முகம் தெரியாத வீட்டில் பிள்ளையை விட உன் அம்மா சம்மதிக்கவில்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "பாவம்" என்று சொல்லிவிட்டு அட்டையைக் குலுக்குவோம். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிற ஆளும் நீ இல்லை.

கட்டைப் பகிர்வது எப்போதும் நீதான். பாதைக்காரர் எப்போதும் உன் பங்கில் விழுவார். அவர் மேலே வந்ததும் நீ கூவுவாய்: "சண்டை!"

பூச்சியம். ஏழடி உயரத்தை வைத்துக்கொண்டு பூச்சியத்தைக் கூவுகிற மடையனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மற்றப் பொடியன்கள் வாவி கடக்கும் தொல்லை வேண்டாம் என்று அந்த அட்டை இருந்தால் உன்னோடு ஆடவே மாட்டார்கள். எனக்கோ வெல்வதென்றால் குருட்டு ஆசை. வென்றேன். மறுநாள் பாதையேறினேன்.

துறையில் மறித்த இளம் சிப்பாய் என் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, "மே கவுத?" என்றான். இது யார் என்று கேட்கிறான். கையை முறுக்கி மல்யுத்தம் காட்டினேன். இலக்கங்களைப் படித்துச் சிரித்தான். பின் திருப்பி முதுகைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி முதுகைப் பார்த்தான், கொடுத்துவிட்டான். அவனுக்குத் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் அம்மா தயிரும் சோறும் போட்டுவிட்டு எதிரே குந்திக்கொண்டார்.

"வீட்டில எத்தனை அறை மனே?"

"மூண்டு. ஒண்டில வெத்திலைக் கூடைதான் இரிக்கி."

"அப்பா குடிக்கிறவரா?"

"குடிக்கமாட்டார். குறட்டைதான். பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைக்கும்."

நான் விடுவேனா? அம்மா கோழிக்காக மாமியோடு பேசாமல் இருப்பது, அப்பா சீட்டுப் பிடித்து ஏமாந்தது, கிணற்றடி, சமையல், எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைப்போலவே ஊர்க்கதைப் பிரியம் உள்ள ஒரு பெரிய மனுஷி கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ வாசலில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுபடி வென்றேன், மறுபடி வந்தேன். ஒரு தரம் உன் அம்மா ஒரு சட்டி தயிர் தந்தனுப்பினார். சட்டியை வெறுமனே திருப்பக் கூடாதென்று என் அம்மா வெற்றிலையும் கத்தரிக்காயும் நிரப்பித் தானே பாதையேறினார். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, அடுத்த கிழமை வெற்றிலைக் கூடைகள் விறாந்தைக்கு வந்தன. தகரப் பெட்டியோடு நீ அந்த அறைக்கு வந்தாய்.

எங்கள் வீட்டில் இருந்த மாதங்களில் நீ பாதைக்காரரை ஆட்டத்துக்கு எடுக்கவேயில்லை. கேட்டால், "படிடா" என்பாய். சோதனை முடிந்து, பெட்டியைக் கட்டிய பிறகுதான் கட்டைக் கொண்டுவந்து போட்டாய். "சண்டை!" தோற்றாய். போனாய்.

நீ நெல் ஆலை முதலாளியான பிறகும், சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகும் இதே கூத்து. திருப்பிக் கொடுக்க வருவேன். "சும்மா வாங்கமாட்டன், விளையாடித்தான் எடுப்பன்," என்பாய். தோற்பாய். அட்டையோடு நான் கிறுகித் திரும்பிப் போவேன், மறுபடி வருவேன். தோல்வியே அறியாத வீரன் என்று என்னைப் பற்றி நானே பத்திரிகையில் எழுதினேன். நீ அதை வெட்டி ஆலைச் சுவரில் ஒட்டியும் வைத்தாய், படுபாவி.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்தது. நெஞ்சு நோவென்று நீயே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன கதையை உன் மனைவி திரும்பவும் சொன்னார். சொல்லி முடித்து, "இனி நீங்க என்னத்துக்கு அண்ணன் இந்தப் பக்கம் வரப்போறீங்க?" என்றார். அட்டையை எடுத்து உன் மகளிடம் நீட்டினேன். "இது அப்பாட, மகள். இதோட கணக்கு முடிஞ்சிது."

அவள் வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை, திருப்பினாள்.

"மாமா, இது முதுகில தனியாத் தெரியுதே. கட்டுக்குள்ள எங்க இரிக்கெண்டு பகிர்றவருக்கு எப்பவும் தெரியும். அப்பா எப்பிடி உங்களிட்டத் தோத்தவர்?"

அந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. அயத்துப்போய்த்தான் முதுகை விட்டாயா? போட்டியில் தோற்பதற்கென்றே விட்டாயா? அம்மாவுக்கு என்னைக் காட்டத்தான் இத்தனையுமா? அப்படியென்றால் அதற்குப் பிறகும் இவ்வளவு காலம் ஏன் தோற்றாய்? உண்மையிலேயே நீ ஒரு மோசமான ஆட்டக்காரனா? கேட்டிருந்தால் "படிடா" என்றிருப்பாய்.

உன் மகள் அலுமாரியிலிருந்து நம் பழைய கட்டை எடுத்து வந்தாள். பாதைக்காரரைச் செருகிக் குலுக்கினாள். அவளே பகிர்ந்தாள். முதல் முறையாக நான் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணிற முதுகு அவள் பக்கம் போய் விழுந்தது. இரண்டு மூன்று கை ஆடினோம். அவர் மேலே வந்தார். அவள் தாயை ஒரு முறை பார்த்தாள், பிறகு என்னை.

"சண்டை," என்றாள்.

இப்போது அட்டை என் மேசையில் காய்கிறது. கோதுமை மாவைக் காய்ச்சி, ஒரு துண்டுப் பெட்டியட்டையை வெட்டி, காலை ஒட்டியிருக்கிறேன். நான் வரைந்த கால் எந்த மிருகத்தின் கால் என்று நீ கேட்டிருப்பாய். நீலப் பேனை பக்கத்தில்தான் கிடக்கிறது. முதுகை நான் தொடவில்லை. நாளைக் காலை முதலாவது பாதையில் வாறன்.