கனிவான கவனத்திற்கு

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுகிறேன். "ஊரே போனில் பேசும் காலத்தில் என் மகள் தபால் தலை ஒட்டுகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். சிரித்தேன். ஆனால் போனை இன்னும் திறக்கவில்லை அப்பா. பஸ்ஸில் காலைப் பரப்பி இரண்டு இருக்கையைப் பிடிக்கும் ஆசாமியைப் படம் வரைந்து போட்டதற்கு வந்த வசவெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. என் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய படமும் இருக்கிறது. அலமாரியில் துணிக்கடியில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

சும்மா இருக்கவில்லை. ஓவியக்கூடத்தில் ஒரு அறை செய்துகொண்டிருக்கிறேன். பார்க்கிற அறை இல்லை, உள்ளே போய் உட்காருகிற அறை. ரயில் நிலையக் காத்திருப்பு அறை மாதிரி மர பெஞ்சுகள், கடிகாரம், கூரையில் ஒலிபெருக்கி. உட்கார்ந்ததும் மணி அடித்து அறிவிப்பு வரும். வண்டியைப் பற்றி அல்ல. என்னைப் போன்ற பெண்களுக்குப் போனில் வந்தவை, வந்தபடியே. எழுந்து போனால் நடைபாதையிலும் கேட்கும். டீ குடிக்கும் மூலையில், கழிப்பறையில், எங்கே போனாலும் பின்னாலேயே வரும். "போனை ஆஃப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கிறவர்களுக்காகச் செய்தது.

அதைப் படிக்க, ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்லும் உங்கள் குரல் வேண்டும். படிக்க வேண்டியவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டுவது உங்கள் பாடு.

அன்புடன்,
வாலு

மார்ச் 9

அன்பு வாலுவுக்கு,

ஆசிகள். முதல் பக்கத்திலேயே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அம்மாவிடம் மறைக்கப் பார்த்தேன். நம் வீட்டில் அது நடக்கிற காரியமா? "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவள் படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

என்னால் முடியாது வாலு. அது ஆபீஸ் குரல். சின்ன வயதில், "ரயில் குரல்ல என் பேரைச் சொல்லுங்கப்பா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாயே, அப்போதுகூட நான் சொன்னதில்லை. வழி தெரியாமல் நிற்கிறவர்களுக்கு வழி சொல்லும் குரலில் இந்தச் சாக்கடையை ஊற்றச் சொல்கிறாய். மனுஷன் எழுதுகிற எழுத்தா இது?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல். இதில் உனக்கு வந்தவை எவை?

அறையைப் பற்றி நீ எழுதியதை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "இந்த மூளை உங்க பக்கத்துலேருந்து வந்ததில்ல" என்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

எவை என்று சொல்லமாட்டேன். ஒரு நர்ஸ், ஒரு கல்லூரி மாணவி, செய்தி வாசிக்கும் ஒரு அக்கா, இன்னும் சிலர் கொடுத்தவற்றோடு என்னுடையதும் கலந்திருக்கிறது. பிரித்துச் சொன்னால், "அவ என்ன பண்ணினாளாம்?" என்று முதல் கேள்வியே அங்கேதான் போகும்.

நாடகக்காரர் ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வில்லன் மாதிரி கத்தினார். கேட்டவர்களுக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. யாரோ கெட்டவன் பேசுகிறான், நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள். எழுதுகிறவர்கள் அப்படிக் கத்துவதில்லை அப்பா. டீ ஆறுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். வண்டி தாமதம் என்று சொன்னால்கூடக் கேட்பவருக்குக் கோபம் வராத குரல் உங்களுடையது. அந்தக் குரலில் கேட்டால்தான் தூக்கிவாரிப் போடும்.

இன்னொன்று. அங்கே சத்தத்தைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு. பெஞ்சுகளுக்கு அடியில் எடை அறியும் கருவி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்தால் ஒலிபெருக்கி தானாகத் தணியும். இதை யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை.

வாசல் பலகையில் என் பெயர் இருக்காது. 'ஒரு ஓவியர்' என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். பெயரைப் பார்த்தால் மறுபடி படை திரட்டிக்கொண்டு வருவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

முடியாதென்றால் விட்டுவிடுங்கள், வருத்தமில்லை. பொய். கொஞ்சம் வருத்தம்தான்.

வாலு

மார்ச் 28

அன்பு வாலுவுக்கு,

பென் டிரைவ் இத்துடன் வருகிறது. படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, வீட்டிலுள்ள போர்வையெல்லாம் தொங்கவிட்டுப் படித்தேன். உன் அம்மாதான் மேற்பார்வை. "நிறுத்துங்க, குரல் நடுங்குது. நடுங்கினா அது நாடகம்னு உங்க பொண்ணு எழுதியிருக்கா" என்று என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஓரிடத்தில் நீ எழுதித் தந்ததை மீறிவிட்டேன். பழக்க தோஷம். நிலையத்தில் விசாரணை ஜன்னலும் என் மைக்கும் ஒரே அறையில் இருக்கின்றன. யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை. அம்மாவும் நடுவில் புகுந்துவிட்டாள். அழித்துவிட்டு மறுபடி படிக்கிறேன் என்றால், "அதுல கை வைச்சீங்க, அவ்வளவுதான்" என்கிறாள். வேண்டாமென்றால் நீ வெட்டிக்கொள்.

பலகையில் பெயர் வேண்டாமென்றால் வேண்டாம். என் குரலுக்கும் இத்தனை வருஷத்தில் யாரும் பெயர் போட்டதில்லை. நீ பயந்தாலும் எங்கள் வாலுதான்.

அந்த பெஞ்சு விஷயம்! தினமும் பெஞ்சுகளைப் பார்த்தபடிதான் மைக்கில் பேசுகிறேன். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை. கர்வமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

அப்பா

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பா, அம்மா இருவருக்கும்,

அறை திறந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் நாளே டை கட்டிய ஒருவர் சிநேகிதர்களோடு வந்தார். "அட, நம்ம ஸ்டேஷன் குரல்!" என்று சிரித்தார். அறிவிப்பு என்ன சொல்கிறது என்று புரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. டீ மூலைக்கு நகர்ந்தார். அப்பா, நீங்கள் விடவில்லை. கழிப்பறைக்குப் போய்விட்டு அதே வேகத்தில் திரும்பி வந்தார். அப்போது பஸ் கண்டக்டர் அக்கா ஒருவர் சீருடையோடு பெஞ்சில் தனியாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றி அத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டைக்காரர் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "இங்க உக்காரலாங்களா?" என்று கேட்டு உட்கார்ந்தார். சத்தம் தணிந்தது. அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். அப்பா, அவர் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

அப்போதுதான் அந்த வரி வந்தது. "உன்னைப் பெத்தவன் எவன்டி?" பிறகு அதே குரலில் நீங்கள், "நான்தான்." பின்னாலிருந்து அம்மா, "வலி எனக்கு, பேரு உங்களுக்கா? பெத்தவ நான் இருக்கேன்." அறையே சிரித்தது. கண்டக்டர் அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஒயர்களுக்குப் பின்னால் நின்று ஓவென்று அழுதேன்.

எனக்கு வந்தவை எவை என்று கேட்டீர்கள். அது எனக்கு வந்தது. நர்ஸுக்கும் வந்தது, மாணவிக்கும் வந்தது; எங்களில் அந்த வரி வராதவர் ஒருவர்கூட இல்லை. நர்ஸுக்கு அப்பா இல்லை. தினமும் டியூட்டி முடிந்து வந்து, நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

நேற்று பலகையை மாற்றிவிட்டேன். 'ஒரு ஓவியர்' போய், என் பெயர் வந்துவிட்டது. பயம் போய்விடவில்லை, ஆனாலும் போட்டேன். பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல். அம்மாவுடையது முதலில். கோபிக்காதீர்கள் அப்பா, வலி அவங்களுக்குத்தானே.

போனையும் துணிக்கடியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் மணி அடிக்கும். நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் ரயில் குரலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். இனி ஆபீஸ் குரல் என்று தப்பிக்க முடியாது.

உங்கள் இருவரின் இனிஷியலோடு,
வாலு