வரிசையில் நின்றிருந்த தாள்

என் ஈரக்குலை ரௌதாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜர்ஜிஸில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். மான்ட்ரியல் பனியில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் தினமும் படுக்கப் போகிறேன். முழங்கால் வலி முன்போலத்தான். இந்த வருஷம் ஒலிவக் காய் நன்றாக விழுந்தது, உனக்கென்று ஒரு தகரம் எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

எதிர்வீட்டு ஸால்ஹா தன் மகள் ஹாஜரின் கல்யாணத்துக்குப் பாதாம் மிட்டாய் டப்பாக்களில் ஒட்ட ஸ்டிக்கர் வேண்டுமென்று கேட்டதும், நீ போனிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். கடையில் அடித்தால் எல்லார் வீட்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும், நீயே பண்ணிக் குடு அக்கா என்றாள், அதற்காகத்தான் நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்த உன் தம்பி கைஸின் அறையைத் திறந்தேன். நீ சொன்னபடி கம்ப்யூட்டரில் வட்டம் போட்டு, உள்ளே மல்லிகைக் கொத்து வைத்து, ஒரு தாளுக்கு இருபத்துநான்கு வருகிறபடி அடுக்கினேன். பிரிண்டரில் மை காய்ந்து போயிருந்தது. கடைக்காரர் வந்து புது மை மாட்டி, மை கக்கும் மூக்கெல்லாம் துடைத்துவிட்டுப் போனார். ஸால்ஹா முற்றத்தில் டப்பா மடித்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை ரௌதா, அது தானாகவே இழுக்க ஆரம்பித்தது. கைஸ் அதன் தாள் தட்டில் விட்டுப்போன மஞ்சள் பூத்த ஸ்டிக்கர் தாள் மெதுவாக வெளியே வந்தது. மை தீர்ந்து பாதியில் நின்றுபோன வேலை இத்தனை வருஷம் உள்ளே காத்திருந்திருக்கிறது என்று கடைக்காரர் பிறகு சொன்னார். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் நாற்காலியைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

தாளில் ஆறு ஸ்டிக்கர். ஒவ்வொன்றிலும் அவன் வழக்கமாக வரையும் சிரிக்கிற ஆக்டோபஸ், அதன் கைகளுக்கு நடுவே ஒரு பெயர், கீழே ஒரு வீட்டு போன் நம்பர். முதல் பெயர் கைஸ், நம்பர் என்னுடையது. ஓரத்தில் தேதி, அவன் அக்கரைக்குப் படகேறிக் காணாமல் போனதற்கு முந்தின நாள். அன்று என்னிடம் பிளாஸ்டிக் பையும் பசை டேப்பும் கேட்டான், எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் படாமல் போனைச் சுற்றிக் கட்டி, மேலே இதை ஒட்டுவதற்கு என்று இப்போது புரிகிறது. நான்காவது பெயர் நிதால். கீழே ஸால்ஹாவின் நம்பர்.

உனக்கே தெரியும், ஸால்ஹாவிடம் சண்டை போட்டுத் திரிப்போலிக்கு வேலைக்குப் போகிறேன் என்று அதே வாரம் கிளம்பியவன் அவள் மகன் நிதால். கோபத்தில்தான் போன் பண்ணாமல் இருக்கிறான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தாளை மெத்தைக்கடியில் தள்ளிவிட்டு, பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பதினொரு நாள் அதன்மேல்தான் படுத்தேன். பகலில் பாத்திரம் கழுவும்போதுகூட அந்தப் பிரிண்டர் இழுக்கும் சத்தம் கேட்கும், ஓடிப்போய்ப் பார்த்தால் ஒயரே சுருட்டி வைத்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் ஸால்ஹா வந்து, ஸ்டிக்கரில் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னாள். "பொண்ணோட அண்ணன் நிதால் அழைக்கிறான்னு போடு அக்கா. யாராவது படம் புடிச்சுப் போடுவாங்க, அவன் கண்ணுல படும். என்மேல உள்ள கோவம் அத்தோட தீரட்டும்" என்றாள். நான் அந்தப் பெயரைத் தட்டினேன். எழுந்துபோய்த் தாளை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். தேதியைத் தொட்டு, "அன்னிக்கு சாயங்காலம்தான் என்கிட்ட கத்தினான். நான் சோத்துத் தட்டை எடுத்து உள்ள வெச்சுட்டேன்" என்றாள். பிறகு தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் நீ வெச்சுக்கோ. அந்த வரியை எடுத்துடாதே, ஹாஜர் கேப்பா" என்றாள். அன்று பிற்பகல் முழுக்க நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து நூற்றிருபது வட்டம் வெட்டினோம். எல்லாவற்றிலும் நிதால் அழைத்துக்கொண்டிருந்தான். அவள் கத்தரி ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. கல்யாணத்தன்று குலவையிடுவதில் அவள் குரல்தான் முந்தி நின்றது, அதைக் கேட்க முடியாமல் நான் சமையற்கட்டுக்குப் போய்விட்டேன்.

ஹாஜர் புகுந்த வீடு போன மூன்றாம் நாள் ஸால்ஹா வந்து தாளை வாங்கினாள். ஆக்டோபஸின் ஒவ்வொரு கையையும் சுற்றி வெட்டி, நிதாலைத் தன் போனின் முதுகில் ஒட்டிக்கொண்டாள். மற்ற நான்கு நம்பரையும் கூப்பிட்டோம். இரண்டு செத்துப்போன நம்பர். மெத்னீன் ஊரில் ஒருவர் எடுத்தார், பெயரைச் சொன்னதுமே, "எங்கே புதைச்சிருக்காங்க" என்றுதான் கேட்டார். இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பெண் எடுத்து அம்மா குளிக்கிறாள் என்றது, அப்படியே வைத்துவிட்டோம். நாளை மறுபடி கூப்பிட வேண்டும்.

கரையொதுங்கிப் பெயரில்லாமல் புதைத்தவர்களோடு டி.என்.ஏ. ஒப்பிட, ஆஸ்பத்திரியில் உறவுக்காரர்களின் எச்சில் எடுக்கிறார்கள் என்று நான்கு வருஷமாகச் சொல்கிறார்கள். கொடுத்தால் நானே அவனைக் கொன்றதாகிவிடும் என்று போகாமலே இருந்தேன். போன திங்களன்று ஸால்ஹாவும் நானும் போய்க் கொடுத்தோம். உன் அப்பா இல்லாததால் கூடப்பிறந்தவளுடையதும் இருந்தால் நல்லது என்கிறார்கள், அங்கிருந்தே அனுப்பலாமாம், விவரத்தை இதோடு வைத்திருக்கிறேன். தள்ளிப் போடாதே. கைஸ் எங்கோ ஒரு ஜெயிலில் கம்பி எண்ணிக்கொண்டிருப்பான், ஒருநாள் விடுவார்கள் என்று ஒவ்வொரு வெள்ளியும் என்னிடம் சொல்வாயே, எனக்காகத்தான் சொல்கிறாய் என்று ஆரம்பத்திலிருந்தே தெரியும். இனிமேல் சொல்ல வேண்டாம் கண்ணே. உனக்கும் ஓய்வு வேண்டும்.

பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. உன் வீட்டுக்காரருக்கு என் ஸலாம். அல்லாஹ் உன் வீட்டுக் கதவை நல்ல செய்திக்கு மட்டும் திறக்கட்டும். எச்சில் கொடுப்பதற்கு அரைமணி முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாதாம், காபிகூட, மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஜாஸியா