கற்பூரவள்ளிச் சாடிகள்

2020 மார்ச் 19, வியாழன்

நான் வேலைசெய்யும் நகைக்கடையின் இரும்புக் கதவு இன்றும் இறங்கியே கிடக்கிறது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான ரூ பெர்தொனே முழுவதும் அவ்வாறே. ஞாயிறன்று நான் சிறப்புரை ஆற்றவிருந்த தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா கைவிடப்பட்டுவிட்டது. மூன்று வாரம் செதுக்கிய உரை மேசை மேல் கிடக்க, என் கணவர் கிறிஸ்தோப்பர் அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார்.

"ஒருத்தரும் வெளிக்கிட ஏலாத ஊரிலை ஆருக்குப் பேசப்போறீர்?"

அவர் வேலைசெய்யும் உணவகமும் மூடிவிட்டது. மூடியதிலிருந்து அவர் நாவு திறந்திருக்கிறது.

மாலையில் பங்குக் கோவிலின் பின்புறத் தோட்டத்துக்குப் போனேன். தொடர்வண்டித் தடத்தின் மதிலோரம் கிடந்த வெற்று நிலத்தைப் பாத்தி பிரித்து, கத்தோலிக்கரும் சைவருமாகப் பன்னிரு குடும்பங்கள் பயிரிட்டு வருகிறோம். நகரத்துப் பூங்காக்களை எல்லாம் பூட்டிவிட்டார்கள் என்றும், இதையும் பூட்டுவதுதான் முறை என்றும் பங்குத்தந்தை ழாக் சொன்னார். திங்களன்று பங்குப் பேரவை தொலைபேசியில் கூடி முடிவெடுக்குமாம்.

முறை. எவருக்கான முறை?

மார்ச் 21, சனி

படிக்கட்டில் மரியகொறற்றியைக் கண்டேன். எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவளுக்கு ஒற்றை அறை. கணவன், மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் ஓடித் திரிய அவளுக்கு இருக்கும் ஒரே இடம் அந்தத் தோட்டம்.

"அக்கா, அதையும் பூட்டினால் நான் பிள்ளையளுக்கு அடிச்சுப்போடுவன். இண்டைக்கே கையை ஓங்கிட்டன்."

சொல்லிவிட்டு அழவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாளை வானொலியில் பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பேசினேன். தமிழர் வானொலியில் கால் மணி நேரம், வீட்டிலிருந்தே, கைப்பேசி வழியாக. முன்னால் ஒரு முகமும் இல்லாமல் பேசுவது இருட்டில் கல்லெறிவது போன்றது. ஆயினும் பாதி வழியில் குரல் தானாக எழுந்துகொண்டது. மண்ணைத் தொட்டவன் மனம் உடைவதில்லை என்றேன். பங்குத்தந்தையின் எண்ணைச் சொல்லி, நாளை காலை ஒவ்வொரு தமிழ் வீடும் அவரை அழைத்துத் தோட்டத்துக்காகப் பேச வேண்டும் என்றேன். முடிக்கும்போது இவ்வாறு முடித்தேன்: "அது தோட்டமன்று, நம் மருந்துச்சாலை. அங்கே கற்பூரவள்ளி தழைத்து நிற்கும்வரை எந்தத் தீநுண்மியும் தமிழன் வாயிலை மிதிக்காது."

கிறிஸ்தோப்பர்: "தீநுண்மி எண்டால் என்னெண்டு சனம் கேக்கப்போகுது. கொறோனா எண்டு சொன்னால் உமக்கு நாக்கு சுடுமோ?"

உடனே தவரத்தினம் அண்ணை அழைத்தார். உணவகச் சமையற்கட்டில் முப்பது ஆண்டு நின்று ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் அடுத்த பாத்திக்காரர். எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்ந்து முதற் கைதட்டைத் தொடங்கி வைப்பவர் அவரே. "நெருப்புப் பிள்ளை, நெருப்பு. முழுக்க போனிலை பிடிச்சு வச்சிட்டன். எல்லாருக்கும் அனுப்புறன்."

மார்ச் 23, திங்கள்

வென்றோம். காலை முழுவதும் பங்குத்தந்தையின் தொலைபேசி ஓயவில்லையாம். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், ஒரு மணி நேரம், வெளியே செல்லும் அனுமதித் தாள் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தோட்டம் திறந்திருக்கும்.

"நீங்கள் பேசினால் எனக்குப் பாதிதான் விளங்குகிறது, மதாம் பியட்றிஸ். ஆனால் மறுக்க வழி தெரியவில்லை" என்று சிரித்தார் ழாக் அடிகளார்.

மார்ச் 27, வெள்ளி

யோகராணி அக்கா தோட்ட வாயிலிலேயே பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் குடிலில் உள்ள கற்பூரவள்ளிச் சாடிகள் அவருடையவை. குளிர்காலம் முழுவதும் போர்வை போர்த்திக் காத்தவை.

"உம்மடை பேச்சைக் கேட்டிட்டு வந்து, ஆடு கடிச்ச மாதிரிக் கடிச்சு வச்சிருக்கினம். ஆரெண்டே தெரியாத சனம். புறநகர்ச் சார்செல்லிலை இருந்தும் ஒருத்தர் வந்தவர்."

பேச வேண்டும் என்று சொல்லி நகர்ந்தேன். இத்தாளிலாவது பொய் எழுதக்கூடாது: கேட்டபோது உள்ளுக்குள் இனித்தது. என் ஒரு சொற்றொடருக்காக மக்கள் ஊர் கடந்து வருகிறார்கள்.

மார்ச் 30, திங்கள்

தவரத்தினம் அண்ணையைக் காணவில்லை. அவருடைய மிளகாய் நாற்றுக்கு நான் நீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தவரத்தினம் அண்ணையின் மகள் தர்மிளா மதியம் அழைத்தாள். இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழ் தட்டித் தட்டித்தான் வரும்.

"அன்ரி, அப்பாக்கு ஒரு கிழமையா fièvre... காய்ச்சல். மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறார். அம்புலன்ஸ் கூப்பிடப் பதினைஞ்சுக்கு அடிக்க விடுறார் இல்லை. அந்த இலையை அவிச்சு அவிச்சுக் குடிக்கிறார். நான் கத்தினால் உங்கட ஓடியோவைப் போட்டுக் காட்டுறார். நீங்கள் சொன்னால்தான் கேப்பாராம்."

அவரிடம் கொடுக்கச் சொன்னேன். தெரிந்த வழியில்தான் தொடங்கினேன். உடலே உயிரின் கோவில், மருத்துவர் அதன் காவலர் – அப்படி ஏதோ. அந்தப் பக்கம் மூச்சு இழுபடும் ஓசை, நடுவே, "ஆகா." கைதட்ட முயன்றிருப்பார் போலும், கைப்பேசி விழுந்து எழுந்தது.

"சொல்லுங்கோ பிள்ளை. உங்கடை தமிழைக் கேட்டாலே மூச்சு வருது."

என்ன செய்யிறது? எந்தச் சொல்லை எடுத்தாலும் அவருக்கு அது பேச்சாத்தான் கேக்குது. நான் அழுதுபோட்டன். "அண்ணை, அது சும்மா சொன்னது. மேடைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னது. எனக்கு மருந்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. போங்கோ அண்ணை."

இருமினார். பிறகு, "சும்மாவோ?"

"ஓம்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் குடிச்சது?"

"இலைத்தண்ணி, அண்ணை."

கைப்பேசியை மகளிடம் கொடுத்துவிட்டார். வண்டி வந்து ஏற்றிச் சென்றதாக மாலையில் தர்மிளா குறுஞ்செய்தி அனுப்பினாள். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

தொண்டையில் குழாய் இறக்கி, மருந்தால் உறங்க வைத்திருக்கிறார்கள். எவரும் போய்ப் பார்க்க முடியாது.

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு

வானொலியில் மறுத்துப் பேசினேன். அணி இல்லை, அடுக்கு இல்லை. நான் சொன்னது பிழை, அந்த இலை இந்த நோய்க்கு மருந்தன்று, காய்ச்சலோடு மூச்சுத் திணறினால் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள் – அவ்வளவே. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. மிஞ்சிய நேரத்துக்கு அறிவிப்பாளர் பாட்டுப் போட்டார். பின்னர் அழைத்துக் குறைப்பட்டுக்கொண்டார்: "உங்கடை தமிழுக்காகத்தானே அக்கா சனம் காத்திருக்குது. இப்பிடி மொட்டையாச் சொன்னால்?"

கிறிஸ்தோப்பர் இரவு உணவின்போது சொன்னார், ஏளனம் இல்லாமல்: "முந்தினதை எனக்கு இண்டைக்கும் ரெண்டு பேர் அனுப்பினவை. இண்டைக்குப் பேசினதை ஒருத்தரும் அனுப்பேல்லை."

ஏப்ரல் 7, செவ்வாய்

தோட்ட வாயிலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு, பையோடு. எதிர் மாடியிலிருந்து எவரோ அழைத்திருக்க வேண்டும். காவல்துறை வந்து கலைத்தது. ழாக் அடிகளார் முகம் வெளிறி நின்றார். இன்னொரு முறை கூட்டம் கூடினால் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். இம்முறை நான் மறுத்துப் பேசவில்லை. பூட்டுவதே நன்று என்று என் வாயே சொல்ல எழுந்தது. அப்போது மரியகொறற்றி மூன்று பிள்ளைகளோடு தன் முறைக்காகத் தெருமுனையில் விலகி நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பூட்டினால் அவளுக்குக் கேடு. பூட்டாவிட்டால் இன்னும் எத்தனை தவரத்தினங்கள்?

ஏப்ரல் 8, புதன்

கற்பூரவள்ளிகளைப் பிடுங்கிவிடும்படி யோகராணி அக்காவிடம் கேட்டேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தே கேட்டேன்: இலை இல்லையென்றால் ஆள் வராது.

"என்ரை சாடியள் என்ன பாவம் செய்தது? வாயாலை கெடுத்தது நீர், வேரோடை போறது நானோ?"

நான் பேசாமல் நின்றது அவருக்கே வியப்பாக இருந்திருக்கும். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு குடிலுக்குள் போய், சாடி சாடியாகக் கவிழ்த்து, பிடுங்கிய செடிகளை எருக்குழிக்குள் போட்டு, மண்ணள்ளி மூடினார். உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். தோட்டமெங்கும் அந்த மணம். மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

குடிலின் கதவைத் திறந்தே விட்டிருக்கிறோம், வருகிறவர்கள் வெறுமையைப் பார்க்கட்டும் என்று.

ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு

பூசை இல்லை. என் முறை நேரத்தை இப்போது தோட்ட வாயிலில் நின்றே கழிக்கிறேன். வருகிறவர்களிடம் ஒரே சொல்: "இலை இல்லை. அது மருந்தும் இல்லை." இன்று நால்வர். சிலர் பொய்யென்று எண்ணி எட்டிப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று எவரும் வரவில்லை. தோட்டம் பூட்டப்படவில்லை. மகிழத் தோன்றவில்லை.

மே 11, திங்கள்

ஊரடைப்பு நீங்கியது. ரூ லூயி-பிளாங் தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. தர்மிளாவிடமிருந்து மூன்று சொல்: "அப்பா கண் முழிச்சிட்டார்."

பதில் எழுத அமர்ந்தேன். எழுதியவை எல்லாம் உரைபோலவே இருந்தன. அழித்துவிட்டு, "மிளகாய் பூத்திருக்குது எண்டு சொல்லுங்கோ" என்று அனுப்பினேன்.

ஜூலை 11, சனி

தவரத்தினம் அண்ணை தோட்டத்துக்கு வந்தார். தர்மிளா கொண்டுவந்து விட்டுவிட்டு, எனக்குத் தலையசைத்துப் போனாள். கதிரையில் இருத்தினோம். அரைவாசி ஆளாகிவிட்டார். குரலும் போய்விட்டது, காற்றுத்தான் வருகிறது. இந்த வெக்கையிலும் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். மரியகொறற்றியின் பிள்ளைகள் அவர் மடியில் மிளகாய்களைப் பறித்துக் குவித்தார்கள்.

நான் நீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் வாயிலில் ஒரு பெண், துணிப்பையோடு. கார்ஜ் லே கொனெஸிலிருந்து தொடர்வண்டியில் வந்தாளாம். தன் தமையனுக்குக் காய்ச்சலாம்.

"இலை இல்லை" என்றேன், முகவுறைக்குள்ளிருந்து. "அது மருந்தும் இல்லை, தங்கச்சி. டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

அவள் கைப்பேசியை எடுத்து ஒலிக்க விட்டாள். கற்பூரவள்ளி தழைத்து நிற்கும்வரை. பின்னணியில் எவரோ இசை சேர்த்திருந்தார்கள்.

"இதைப் பேசினவ படிச்ச மனுசி. தோட்டம் கொத்துற உங்களுக்கு என்ன தெரியும்?"

"அது நான்தான்."

மேலும் கீழும் பார்த்தாள். சேறு படிந்த என் காலணியில் பார்வை நின்றது. "விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. அவ உப்பிடியோ கதைப்பா?"

அப்போது தவரத்தினம் அண்ணை கையசைத்து அவளை அருகே அழைத்தார். மேற்பொத்தான்களைக் கழற்றி, கழுத்துக் குழியில் மூச்சுக்குழாய்க்காகத் துளையிட்ட, இன்னும் சிவந்திருந்த வடுவைக் காட்டினார்.

"என்ன அண்ணை இது?"

அவள் குனிய வேண்டியிருந்தது.

"இலைத்தண்ணி" என்றார்.

அவள் கைப்பேசியை அணைத்தாள். துணிப்பையை மடித்து, மடித்து, கைக்குள் அடக்கிக்கொண்டாள். தமையனிடம் திரும்பிப் போக எந்த வண்டி விரைவு என்று கேட்டாள், சொன்னேன்.

மேற்பொத்தான் அவர் விரல்களுக்கு அகப்படவில்லை. பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, நான் போட்டுவிட்டேன்.