நீலம் வராத குழாய்கள்

மார்ச் 4
இன்றும் நீலம் இல்லை. மூன்றாவது முறை. போன மாதம்கூட ஒழுங்காக வந்ததே! லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கிடைத்தால், அதைச் செரிக்கும் ஜீனை பாக்டீரியா படியெடுக்கத் தொடங்கும், அதைக் காட்டும் சாயத்தால் குழாய் நீலமாகும். மாதக் கடைசிக்குள் இதைக் காட்டாவிட்டால் என் ஆய்வேடு ஊற்றிக்கொள்ளும்.

மார்ச் 6
எதிர்மேசைக்காரி என் குழாய்களை வெதுவெதுப்பில் வைக்கும் இன்குபேட்டர் கதவில் கை வைத்திருந்தாள். கேட்டால், "சரியா மூடல, அதான் அழுத்தி மூடினேன்" என்கிறாள். அதென்ன திடீர் அக்கறை? பணி நீட்டிப்பு எங்களில் ஒருத்திக்குத்தான்.

மார்ச் 7
லாக்டோஸ் ஜாடி, காலிக் குழாய், எல்லாம் என் அலமாரிக்குள். பூட்டு. சாவி கழுத்தில். "உள்ள என்ன நகைக்கடையா?" என்று கணவர் கிண்டல்.

மார்ச் 11
பூட்டியும் நீலம் இல்லை. ஆனால் பாக்டீரியா தின்று கொழுத்திருக்கிறது, குழாய் அப்படிக் கலங்கியிருக்கிறது. எதைத் தின்றது? குளுக்கோஸ் இருந்தால் அது லாக்டோஸைச் சீண்டாது, அந்த ஜீனையும் படியெடுக்காது. அப்படியானால் யாரோ குளுக்கோஸ் கலக்கிறார்கள். யாரோ என்ன யாரோ!

மார்ச் 12
அவளே வந்தாள். "எதுக்கும் அந்த லாக்டோஸ் ஜாடிய மாத்திப் பாருங்களேன்."
பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் ஜாடியைப் பற்றி இவளுக்கென்ன தெரியும்? மாட்டிக்கொண்டாள்.

மார்ச் 13
துறைத்தலைவரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 17
அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். நீட்டிப்பும் அவளுக்கில்லை. போகும்போது என்னைப் பார்க்கவே இல்லை. எந்த முகத்தோடு பார்ப்பாள்?

மார்ச் 20
நீலம் இல்லை. அவளும் இல்லை. பின்னே யார்?

மார்ச் 21
மாமனார் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கேட்டு வாங்கிப் போனேன். அது குளுக்கோஸை மட்டும்தான் கண்டுபிடிக்கும். ஜாடிப் பொடியில் துளி எடுத்து, கரைத்து, ஒரு சொட்டு வைத்தேன்.
394.
ஜாடியின் அடியில் 'நிரப்பியது: பிப்ரவரி 26'. என் கையெழுத்து. பக்கத்து குளுக்கோஸ் டப்பாவிலிருந்து அள்ளிக் கொட்டியது நான். நானேதான். ரெண்டும் வெள்ளைப் பொடிதான், லேபிளைப் பாத்தா என்ன கேடு எனக்கு? அவ அன்னிக்கே சொன்னாளே... பாவி, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

மார்ச் 24
புது ஜாடி. எல்லாக் குழாயும் நீலம்.
தலைவரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் முன் வைத்தார். "அவங்க வெள்ளிக்கிழமையே ராஜினாமா குடுத்துட்டுப் போய்ட்டாங்களேம்மா."
அவள் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.
இன்குபேட்டர் கதவு நிஜமாகவே சரியாக மூடுவதில்லை. அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது.