எழுபத்திரண்டாவது கேட்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். சாமி புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மகளுக்கு எட்டாம் மாதம், மாடிப்படி ஏற விடாதீர்கள்.

நான் துப்புரவு வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தபோது இந்த விமான நிலையத்தில் பதினாறு கேட்தான். நோட்டில் குறித்திருக்கிறேன். இரண்டாவது கட்டடம் வந்ததும் நாற்பது, மூன்றாவது வந்ததும் எழுபத்திரண்டு. "திறப்பு விழா முடியட்டும்க்கா, அப்புறம் லீவு" என்று ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் சொல்வார். என் பாஸ்போர்ட் அவர் பீரோவில் இருக்கிறது. இப்போது நாலாவதுக்குக் குழி தோண்டுகிறார்கள். இந்தத் தடவையும் அதே பதில்தான்.

நேற்று ஒரு வேடிக்கை. நம் ஊருக்குப் போகும் விமானத்துக்கு வந்த ஒரு வயதான அம்மாளைக் கைத்தாங்கலாக விமானக் கதவு வரை கொண்டுபோய் விட்டேன். பணிப்பெண் என் துடைப்பத்தைப் பார்த்து, "நீங்களும் வர்றீங்களாக்கா?" என்றாள்.

"கூப்பிட்டா வேணாம்னா சொல்லப்போறேன்?" என்றேன். எல்லாரும் சிரித்தோம். கதவைச் சாத்தினார்கள். நான் கேட் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததும் அதன் அழுகையைப் போனில் பிடித்து அனுப்புங்கள். யாரும் சமாதானப்படுத்த வேண்டாம், கொஞ்ச நேரம் அழட்டும்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், வருகிறேன்.