காற்றை உறிஞ்சிய ரோபோ

செவ்வாய், இரவு

ஆய்வுகூடத்து ரோபோ நேற்றுச் சில குழாய்களில் இரத்தத்துக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. முதலாளி வாங்கிய மலிவான பிளாஸ்டிக் முனைகள் கட்டையானவை, அடிவரை எட்டவில்லை. அந்தக் குழாய்களுக்கெல்லாம் ‘டெங்கு இல்லை’ என்று முடிவு கொடுத்துவிட்டோம். இன்று ரோபோவின் புரோகிராமில் முனை இறங்கும் ஆழத்தைக் கூட்டினேன்.

“நேற்றைய சோதனைகளைத் திரும்பச் செய்யவேணும், சேர்” என்று முதலாளியிடம் சொன்னேன்.

“துறைமுகத்துப் பெரிய அதிகாரியின்ர மகளுக்கு மட்டும் செய்யும். மற்றதைக் கிண்டாதேயும்.”

நேற்று வெருகல் கிராமத்தில் இருந்து பிள்ளையோடு வந்த தாய்க்கு வீட்டிலிருந்து போன் எடுத்தேன்.

“அந்த முடிவு பிழை, அக்கா. நாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவாங்கோ.”

“மெசினே இல்லையெண்டு சொல்லிப்போட்டுது, தம்பி. காய்ச்சலும் விட்டிட்டுது. ஆனா எழும்ப ஏலாமக் கிடக்கிறான்.”

காய்ச்சல் விடும்போதுதான் டெங்கு கொல்லும்.

“நாளைக்கு வேண்டாம், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்று கத்தினேன்.

அவள் ஆட்டோவுக்கு யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு திரும்பத் திரும்பப் போன் எடுத்தும் பதிலில்லை.